மார்கழியில் ஒரு சிவப்புக் கட்டம்

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி இருக்கும் வேங்கடம்மாள் திருமண மண்டபத்துக்கு அந்த ஆவணியில் ஒரு சாஃப்ட்வேர் வந்தது. மண்டப உரிமையாளர் சுந்தரராஜுலுவின் மகன் ரவிதேஜா பெங்களூரிலிருந்து அதை வாங்கிப் போட்டுக் கொடுத்தான். அலுவலகத்தில் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடிக்கு வீடியோ காலில் பாடம் நடத்தினான்.

"நீங்க தேதிய எப்படி அடிச்சாலும் அதுவே புரிஞ்சுக்கும் அக்கா. புள்ளி வெச்சாலும் சரி, கோடு போட்டாலும் சரி. ரொம்ப ஸ்மார்ட்."

அவன் சொன்னது உண்மைதான். புள்ளி வைத்து அடித்தாள், ஏற்றுக்கொண்டது. சாய்ந்த கோடு போட்டாள், ஏற்றுக்கொண்டது. ஒரு கல்யாணத்துக்கு எத்தனை கேஸ் சிலிண்டர் தேவைப்படும் என்ற இடத்தில் மூன்றோ நாலோ ஆகும் என்பதற்காக 3-4 என்று அடித்தாள். அது உடனே மார்ச் 4 என்று மாறிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் மார்ச் 4. கடைசியில் 'மூணு நாலு' என்று எழுத்தில் எழுதியபோதுதான் சும்மா இருந்தது. எதை அடித்தாலும் அது ஒரு முடிவுக்கு வந்துவிடும். என்ன சொல்ல வருகிறீர்கள் என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்காது. அவள் பார்த்த மனிதர்களில் சிலர் அப்படி இருந்தார்கள். ஒரு இயந்திரமும் அப்படி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

பழைய டைரியில் இருந்த பதிவுகளை எல்லாம் அவள்தான் உட்கார்ந்து ஏற்றினாள். முன்பதிவான நாள் காலண்டரில் சிவப்புக் கட்டமாகும். காலியான நாள் வெள்ளை. ஏற்றி முடித்ததும் திரை, இரவில் ஓடுகிற ரயிலின் ஜன்னல்களைப் போல இருந்தது. சில ஜன்னல்களில் விளக்கு, சிலவற்றில் இல்லை.

புரட்டாசியில் மண்டபத்துக்கு வேலை கிடையாது. அப்போதுதான் அவள் ஜனவரியைப் பார்த்தாள். ஜனவரி இரண்டு சிவப்பு. நாலு சிவப்பு. ஐந்து, ஆறு, பதினொன்று எல்லாமே சிவப்பு. ஜனவரி பாதிவரை மார்கழி. அந்த மாதத்தில் இந்தப் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபங்கள் எல்லாம் வெள்ளையடிக்கவும், ஓட்டை உடைசலைச் சரிசெய்யவும் அந்த மாதத்தைத்தான் வைத்திருப்பார்கள்.

டைரியைப் பிரித்ததும் விஷயம் புரிந்தது. பிப்ரவரி ஒன்றாம் தேதி என்று நினைத்து அவள் 1/2 அடித்திருந்தாள். அது ஜனவரி இரண்டாகப் போய் உட்கார்ந்திருந்தது. ரவிதேஜாவை அழைத்தாள்.

"அது அமெரிக்காக்காரன் முறை அக்கா. மாசம் முன்னால, தேதி பின்னால."

"அப்ப இருபத்தஞ்சாம் தேதி கல்யாணமெல்லாம் சரியா இருக்குதே தம்பி?"

"இருபத்தஞ்சாவது மாசம்னு ஒண்ணு இல்லையே. அதனால அது தேதியாத்தான் இருக்கும்னு கெஸ் பண்ணிக்கும். பன்னெண்டு வரைக்கும்தான் குழப்பிக்கும்."

"கெஸ் பண்றதுக்கு எதுக்குத் தம்பி சாஃப்ட்வேரு? அதுக்கு நானே போதுமே."

அவன் சிரித்தான். இனி அடிக்கும்போது தேதி முன்னால் வருகிற மாதிரி அங்கிருந்தே மாற்றினான். ஏற்கனவே ஏறியவற்றைத் திருப்ப ஒரு பொத்தான் இருந்தது. எந்தெந்தப் பதிவு என்று டிக் செய்துவிட்டு அதை அழுத்தினால் தேதியும் மாதமும் இடம் மாறிக்கொள்ளும்.

பொற்கொடி ஒவ்வொரு மாதத்திலும் பன்னிரண்டாம் தேதிவரை இருந்த பதிவுகளை எல்லாம் டிக் செய்தாள். தேதிக்குப் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் இருந்தன. அவள் தேதியை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போனாள். பொத்தானை அழுத்தியதும் கட்டங்கள் ஒரு நொடி சாம்பல் நிறமாகி, பிறகு வேறு வேறு இடங்களில் சிவந்தன. ஜனவரியின் முதல் பாதி முழுவதும் வெள்ளையானது. மார்கழி காலி. எல்லாம் சரியாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் டைரியில் நாலைந்தை எடுத்து ஒத்துப்பார்த்தாள். அவையும் சரியாகவே இருந்தன.

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. மாற்றம் செய்த பதிவுக்கெல்லாம் சாஃப்ட்வேர் தானாகவே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தது. அந்த மெசேஜ் மட்டும் இன்னும் மாதத்தை முன்னால் போட்டே வந்தது.

"ஏனுங் அம்மணி, எம்பட புள்ள கல்யாணத்தக் கொண்டுபோயி மார்கழில வெச்சுப்போட்டீங்களே" என்றார் காரமடையிலிருந்து பூவாத்தாள். "ரெண்டு ஒண்ணு இருபத்தாறுன்னு போட்டிருக்குது. நாங்க தையில, பிப்ரவரி ஒண்ணாந்தேதி கேட்டோம்."

"அது பிப்ரவரி ஒண்ணுதானுங்க. மாசத்த முன்னால போட்டுக் காட்டுது. நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க."

"அப்ப முன்னால வந்த மெசேஜில சரியா ஒண்ணு ரெண்டுன்னு இருந்துச்சே?"

"அதுதானுங்க தப்பு. அது ஜனவரி ரெண்டு."

"சரியா இருந்தா தப்பு, தப்பா இருந்தா சரியா? என்னமோ போங்க. எங்களுக்கு மண்டபம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

பதிவு இடம் மாறிய எல்லோரும் இப்படி அழைத்தார்கள். சிலர் கோபமாக, சிலர் அழாக்குறையாக. அழைக்காதவள் ஒருத்திதான். அது பொற்கொடிக்குத் தெரியாது.

அவள் பெயர் நஸ்ரியா. வீடு உக்கடத்தில், வேலை ஒரு மருந்துக் கடையில். மாப்பிள்ளை ஆஸிமின் குடும்பம் மேட்டுப்பாளையத்தில் வியாபாரம் செய்தது. அவன் துபாயில் வேலை பார்த்தான். விடுமுறைக்கு வந்து ஜனவரி இரண்டாவது வாரம் திரும்பிவிட வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில், பிரியாணி சமைக்க அனுமதிக்கிற மண்டபமாக அவள் தேடிப் பிடித்ததுதான் வேங்கடம்மாள் மண்டபம். புது சாஃப்ட்வேரோடு மண்டபத்துக்கு இணையப் பக்கம் திறந்த முதல் வாரமே, காலண்டரில் ஜனவரி நாலு, ஞாயிற்றுக்கிழமை என்ற கட்டத்தை விரலால் தொட்டுப் பதிவு செய்தாள். மற்ற பதிவுகளை எல்லாம் பொற்கொடி எண்களாக அடித்து ஏற்றினாள். இது ஒன்றுதான் தொட்டுப் பதிந்தது. ஆகவே பன்னிரண்டுக்கு உட்பட்ட தேதிகளில் முதலிலிருந்தே சரியாக இருந்ததும் இது ஒன்றுதான்.

ஆனால் அவளுக்கு வந்த மெசேஜில் 01/04/2026 என்று இருந்தது. ஏப்ரல் ஒன்றா என்று பதறி, அந்தப் பக்கத்தில் இருந்த நம்பரை அழைத்தாள். எடுத்தவன் ரவிதேஜா. "ஜனவரி நாலுதாங்க. மாசம் முன்னால வரும், கண்டுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அவளால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அந்த எண்கள் ஒரு மாதத்துக்கு மேல் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன. புரட்டாசியில், பொற்கொடி பொத்தானை அழுத்திய அன்று, புது மெசேஜ் வந்தது. 04/01/2026.

"இப்பத்தான் அத்தா ஒழுங்கா அனுப்பியிருக்காங்க" என்று அவள் தன் தகப்பனார் அப்துல் முத்தலிப்பிடம் காட்டினாள். நிம்மதியாகப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள். சாஃப்ட்வேருக்குள் அவள் கல்யாணம் ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குப் போயிருந்தது.

டிசம்பர் கடைசியில், சனிக்கிழமை மதியம், தகப்பனும் மகளும் மேடை அளவு எடுக்க ஒரு டேப்போடு மண்டபத்துக்கு வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தரை இல்லை. பழைய மொசைக்கை முழுவதும் உடைத்து ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அடியில் செம்மண் தெரிந்தது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த மேஸ்திரி மருதாசலம், கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் ஓரங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பொற்கொடி அலுவலகத்திலிருந்து வெளியே வந்தாள். "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?"

"அடுத்த ஞாயித்துக்கெழம இங்க நிக்காஹ்ங்க. ஸ்டேஜ் அளவு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் அப்துல் முத்தலிப், கண்களைத் தரையிலிருந்து எடுக்காமல்.

"இங்கயா?" பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. "மண்டபம் பேரு சரியாப் பாத்தீங்களா? மார்கழில இங்க யாருமே புக் பண்றதில்லீங்க."

நஸ்ரியா போனை நீட்டினாள். பொற்கொடி மெசேஜைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினாள். நஸ்ரியா, உக்கடம், ஏப்ரல் 1. பக்கத்தில் 'வாடிக்கையாளர் நேரடிப் பதிவு' என்று சின்னதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். ஜனவரி வெள்ளையானபோது தனக்கு வந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது.

சத்தம் கேட்டு சுந்தரராஜுலு மாடியிலிருந்து இறங்கி வந்தார். திரையைப் பார்த்தார். "ஏப்ரல் ஒண்ணுன்னு இருக்குதேம்மா. நாள் நெருங்கி வந்து கேட்டா எப்படி?"

"இதப் பாருங்க" என்று நஸ்ரியா போனை அவரிடம் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "நாலு, ஒண்ணு, இருபத்தாறு. நாலாந்தேதி ஜனவரி." மறுபடி திரையைப் பார்த்தார். "சரியாத்தான இருக்குது?"

"அது ஜனவரி இல்லீங்க. ஏப்ரல் ஒண்ண அது அப்படித்தான் காட்டும்" என்றாள் பொற்கொடி. "இவங்க ஜனவரிதான் போட்டிருந்தாங்க. நாந்தானுங்க மாத்திப்போட்டேன். எல்லாத்தையும் திருப்பறப்ப இதையும் சேத்துத் திருப்பிட்டேன். மார்கழில யாரு கல்யாணம் வெப்பாங்கன்னு நெனச்சேன்."

"நாங்க வெப்போம்" என்றாள் நஸ்ரியா. கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக் கடையில், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்வது போலச் சொன்னாள்.

அப்துல் முத்தலிப் ஒரு சிமெண்ட் மூட்டையின்மேல் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி சாம்பலானதை அவர் கவனிக்கவில்லை. "பத்திரிகை பூராம் குடுத்தாச்சுங்க. மாப்பிள்ளைக்கு டிக்கெட் போட்டாச்சு. தள்ளி வெக்க வழியில்ல."

"மார்கழிதான, பக்கத்துல எல்லா மண்டபமும் காலியாத்தான் இருக்கும்" என்று சுந்தரராஜுலு போனை எடுத்தார். வீரபாண்டிப் பிரிவில் ஒன்று, ஜோதிபுரத்தில் ஒன்று, அதைத் தாண்டி இன்னொன்று. மூன்றும் காலிதான். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள். சைவம் என்றால் இன்றைக்கே சாவியைத் தருகிறோம்.

"சாம்பார் ஊத்துனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அப்படியே மேட்டுப்பாளையம் பஸ் ஏறிருவாங்க" என்றார் அப்துல் முத்தலிப். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சுந்தரராஜுலு ரவிதேஜாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "சிஸ்டத்துல ஒண்ணும் தப்பு இல்லப்பா. டிக் பண்ணது அக்காதான" என்றான்.

"இந்தக் குரல்தாங்க. அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டேன், கண்டுக்காதீங்கன்னு சொன்னாரு" என்றாள் நஸ்ரியா.

"அந்தப் பொண்ணு அன்னைக்கே உனக்குப் போன் பண்ணிக் கேட்டுச்சாமே. நீ என்ன பண்ணுனே? கண்டுக்காதீங்கன்னு சொன்னே. இனிமே நீ இத கண்டுக்காத, வெய்யி" என்று அவர் போனை அணைத்தார்.

பொற்கொடி கூடத்துக்குப் போனாள். "சாமி, அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது முடியுமா?"

மருதாசலம் கடப்பாரையைச் சாய்த்து வைத்தார். "டைல்ஸா? ஆகாதுங்க. நாளைக்கு ஆளக் கூட்டியாந்து வெறும் தளம் வேணாப் போட்டரலாம். தண்ணி விட்டு வெச்சிருந்தா ஞாயித்துக்கெழம மேல நடக்கலாம். ஆனா மேடு பள்ளமா, சொரசொரன்னு இருக்கும். டேபிள் போட்டா ஒரு காலு நிக்கும், மூணு காலு ஆடும். எல விருச்சு ரசம் ஊத்துனா அது மடியிலதான் வந்து விழும்."

ஒவ்வொரு மேசைக்கும் அடியில் பலகை போட்டுவிடலாம் என்று பொற்கொடி மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள். பழைய பலகைகள் ஸ்டோர் ரூமில் எத்தனை இருக்கும், நாற்காலிக்கு என்ன செய்வது. வாயைத் திறக்கப் போனவள், நிறுத்தினாள். திரும்பி நஸ்ரியாவைப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுல பந்தி எப்படிப் போடுவீங்க? நான் ஒண்ணு நெனச்சுட்டு நிக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்க."

நஸ்ரியா தகப்பனைப் பார்த்தாள். பிறகு கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கீழக்கரையிலருந்து வந்தவங்கக்கா. அவங்களுக்கு சஹன் சாப்பாடுதான். பெரிய தட்டுல வெச்சு, சுத்தி நாலஞ்சு பேர் உக்காந்து ஒண்ணாச் சாப்பிடறது. தரையிலதான். எல்லாரும் சேர்ல உக்காந்து சாப்பிடறோம்னு அவங்கள ஒத்துக்க வெக்கறதுக்கே அத்தா ஒரு மாசம் பேசுனாங்க."

"டேபிளே வேண்டாமா?"

"வேண்டாம். பாயும் ஜமுக்காளமும் இருந்தாப் போதும்."

அப்துல் முத்தலிப் மூட்டையிலிருந்து எழுந்தார். "ஒரு மாசம் பேசினது வீணாப் போச்சு" என்றார். ஆனால் டேப்பை எடுத்து, மேடைப் பக்கம் போய் அளக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் தளம் போட்டார்கள். அதற்கப்புறம் காலையிலும் மாலையிலும் பொற்கொடியே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டாள். அது அவள் வேலை இல்லை. வாட்ச்மேன் செய்வதாகச் சொன்னார், அவள் கொடுக்கவில்லை. புது வருஷத்தன்று காலையில் கதவுகளைத் திறந்தபோது கூடம் முழுவதும் அரை விரல்கட்டைத் தண்ணீர் அசையாமல் நின்றது. கூரையின் மின்விசிறிகள் எல்லாம் தலைகீழாக அதற்குள் இருந்தன. ஜன்னல் வழியாகப் பாலமலையின் ஒரு துண்டும் உள்ளே வந்திருந்தது. பிறகு வெளியே ஊட்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் அவள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. எண்ணை அடிக்கவில்லை. ஜனவரி மாதத்தைத் திறந்து, நாலாம் தேதிக் கட்டத்தை விரலால் தொட்டு, பெயரைப் படித்து, ஊரைப் படித்து, அதற்குப் பிறகே உறுதி செய்தாள். வெள்ளை மார்கழியின் நடுவே ஒற்றைச் சிவப்புக் கட்டம். அதன்பின் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, தான் இடம் மாற்றிய ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். "எண்ணுல சொல்லாதீங்க, மாசம் பேரச் சொல்லுங்க" என்று கேட்டாள். பூவாத்தாள், "மறுபடியும் மொதல்லருந்தா அம்மணி?" என்றார். ஆனாலும் தை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி ஒன்று என்று மூன்று விதமாகச் சொல்லி வைத்தார்.

நாலாம் தேதி விடிவதற்கு முன்பே பின்கட்டில் பிரியாணி தேக்சாக்களை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் வேன்கள் வந்தன. நிக்காஹ் பெரிய கூடத்தில் நடந்தது. மேடைப் பந்தல் ஆடுகிறதோ என்று ஆஸிம் மூன்று முறை தலையைத் தூக்கிப் பார்த்ததைத் தவிர வேறு அசம்பாவிதம் எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் புதுத் தளத்தின்மேல் பாய், அதற்குமேல் ஜமுக்காளம், அதற்குமேல் வட்ட வட்டமாகத் தட்டுகள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடி தரையைத் தட்டிப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

பெண்கள் பந்தி ஆரம்பித்தபோது நஸ்ரியாவின் தாய் இஸ்மத், அலுவலக அறைக்கு வந்தார். கையில் ஒரு ஹோட்டல் பொட்டலம்.

"உங்களுக்குன்னு தனியா வாங்கியாந்தோம்மா. எலுமிச்சம் சோறு. மார்கழியாச்சே, நீங்க கவுச்சி தொட மாட்டீங்கன்னு அவ அத்தாதான் காலையிலயே ஆள் அனுப்பினாங்க."

பொற்கொடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. இருட்டில் வந்தவள், காலையில் டீ மட்டும்தான் குடித்திருந்தாள். விடிந்ததிலிருந்து அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து அவள் மேசையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான் சாப்பிடுவேனுங்க" என்றாள்.

"எதை?"

"பிரியாணிதானுங்க. எங்கூட்டுல புரட்டாசிக்கு மட்டுந்தான் நிறுத்துவோம்."

"மார்கழியில சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவோமுங்க."

இஸ்மத் அவளையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தோள்கள் குலுங்கின. "கேட்டிருக்கலாம்" என்றார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஆமாங்க" என்றாள் பொற்கொடி. "கேட்டிருக்கலாம்."

மருதாசலம் வாசலில் நின்றிருந்தார். தளம் தாங்குகிறதா என்று பார்க்க வந்தவர், மாலை போட்டிருந்ததால் உள்ளே போகாமல் கம்பத்தோடு நின்றுவிட்டார். பொற்கொடி போய், "சாமி, எலுமிச்சம் சோறு இருக்குது. சாப்படறீங்களா?" என்று கேட்டாள். சாப்பிடுவதாகச் சொன்னார். பொட்டலம் அவர் கைக்குப் போனது.

நஸ்ரியாவின் அத்தைகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்த தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. நகர்ந்து கொடுத்தார்கள். பொற்கொடி கையைக் கழுவிவிட்டு வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாயையும் ஜமுக்காளத்தையும் தாண்டி, ஒரு வாரம் அவள் ஊற்றிய தண்ணீரின் குளிர்ச்சி மெதுவாக மேலே ஏறி வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று தெரியாமல் தயங்கினாள்.

"உங்களுக்கு முன்னால இருக்கறது உங்களுது" என்றார் பக்கத்தில் இருந்த அத்தை. "எடுங்க."